வளைந்த நெக் வேறு, முறுகிய நெக் வேறு

பேஸ் கிற்றாரின் நெக், அதாவது கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்து, பழுதாகிவிட்டது என்று யாராவது கொண்டுவந்தால் நான் உடனே எலன் கீயை (நெக்கின் நட்டைத் திருப்பும் ஆறுமூலைத் திறப்பை) தேட மாட்டேன். கிற்றாரைத் தூக்கி, உடலில் கம்பிகள் முடியும் பிரிட்ஜ் பக்கத்தைக் கண்ணருகே வைத்து, வாசல் வெளிச்சத்தை நோக்கி நெக்கின் இரண்டு ஓரங்களையும் பார்ப்பேன். தடித்த ஈ கம்பி ஓடுவது ஒரு ஓரம், மெல்லிய ஜி கம்பி ஓடுவது மற்ற ஓரம். இரண்டும் ஒரே அளவில் குழிந்திருந்தால் நெக் வளைந்திருக்கிறது, அநேகமாகத் திருத்தலாம். ஒன்று நேராகவும் மற்றது குழிந்தும் இருந்தால் நெக் முறுகிவிட்டது. அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

இந்த வித்தியாசம் தெரியாமல் வன்னியில் எத்தனையோ நல்ல கிற்றார்கள் மூலையில் கிடக்கின்றன. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ கிற்றார் திருத்துவதையே தொழிலாகக் கொண்ட ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. ஏ9 வீதியில் வடக்கே யாழ்ப்பாணம் போக வேண்டும், இல்லாவிட்டால் தெற்கே கொழும்பு. திருவிழாக் காலத்தில் பேஸ் இல்லாமல் இருக்க முடியாது என்பதால் யாரும் கொண்டுபோவதில்லை. கம்பியை உயர்த்தியோ தாழ்த்தியோ சமாளிப்பார்கள். கடைசியில் வாசிக்கிற பிள்ளையின் விரல்தான் நோகும்.

எங்களிடம் வருகிற வாத்தியங்களின் கதையையும் சொல்ல வேண்டும். 2009க்குப் பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து சேர்க்க வேண்டியிருந்த இடம் இது. கோயில் இசைக்குழு என்றாலும் தேவாலயப் பாடகர் குழு என்றாலும், கீபோர்ட் ஒன்று எப்படியாவது கிடைத்துவிடும். பேஸ் பகுதியை அதே கீபோர்ட்காரர் இடக்கையால் வாசித்துவிடுவார். பேஸ் கிற்றார் என்பது பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் ஒரு மாமாவோ சித்தப்பாவோ அனுப்பும் பழைய கிற்றார். கப்பலில், இரும்புக் கொள்கலனுக்குள் மாதக்கணக்கில் வெந்து, வேறொரு நாட்டின் காலநிலைக்குப் பழகிய மரம் எங்கள் வெயிலுக்குள் வந்து இறங்கும். அதன் நெக் அசையாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எங்கள் குழுவுக்கு வந்த பேஸும் அப்படித்தான் வந்தது. பெட்டியைத் திறந்தபோது வடிவான கிற்றார். நான்கு கம்பி, மேப்பிள் நெக், அதன்மேல் விரல் வைக்கும் ரோஸ்வுட் பலகை. வாசித்துப் பார்த்தால் நடு ஃப்ரெட்களில் (பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கட்டுகளில்) கம்பியை அழுத்தவே பலம் தேவைப்பட்டது. நகரத்தில் ஒரு கடையில் காட்டினோம். அவர்கள் பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சின்னத் துண்டுகளான சாடில்களை அடிவரை இறக்கிக் கொடுத்தார்கள். நடுவில் உயரம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே எங்கே தொட்டாலும் கரகரவென்று இரைந்தது. நெக்கில் உள்ள குறையை பிரிட்ஜில் திருத்தப் பார்த்தால் இப்படித்தான் ஆகும். நடு உயரம், மேலே இரைச்சல் என்ற சோடி வந்தால் நெக் முன்பக்கமாக வளைந்திருக்கிறது என்று அர்த்தம்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். நெக் பின்னோக்கி வளைந்தால் முதல் ஐந்து ஃப்ரெட்களுக்குள் இரைச்சல் கேட்கும், மேலே போகப் போகச் சுத்தமாக இருக்கும். அழுத்தாத கம்பி மட்டும் இரைந்து, முதல் ஃப்ரெட்டை அழுத்தியதும் இரைச்சல் நின்றுவிட்டால் நெக்கில் குறையில்லை. தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்கார்ந்து போகும் அந்த வெள்ளைத் துண்டின் பள்ளம் ஆழமாகத் தேய்ந்திருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் இரைந்தால், அதற்கு அடுத்த ஃப்ரெட் மேலெழும்பியிருக்கிறது. மூன்று ஃப்ரெட்களை மட்டும் தொடும்படி ஒரு சின்ன இரும்பு அடிமட்டத்தை நிமிர்த்தி வையுங்கள். அது ஆடினால் நடு ஃப்ரெட்தான் உயரம். இவ்வளவும் பார்ப்பதற்கு அந்த அடிமட்டத்தைத் தவிர ஒரு கருவியும் தேவையில்லை, காது போதும். ஆனால் பேஸை அம்ப்ளிஃபயரில் போடாமல், அமைதியான இடத்தில் கேட்க வேண்டும். பிறகு அம்ப்ளிஃபயரில் போட்டும் கேட்க வேண்டும். கையில் கேட்கும் சின்ன இரைச்சல் அம்ப்ளிஃபயரில் வராவிட்டால் அதை விட்டுவிடலாம். பேஸில் கொஞ்சம் இரைச்சல் இருக்கத்தான் செய்யும்.

நெக் ஏன் வளைகிறது என்பது விளங்கினால் பாதிப் பயம் போய்விடும். ஃபெண்டர் நிறுவனம் 1951இல் வெளியிட்ட பிரசிஷன் பேஸில் கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது ஏறக்குறைய 864 மில்லிமீற்றர். இன்றைக்கும் பெரும்பாலான பேஸ்களின் அளவு அதுதான். இவ்வளவு நீளத்தில் நான்கு தடித்த கம்பிகளையும் உரிய சுருதிக்கு ஏற்றினால் மொத்த இழுவை 70, 80 கிலோவுக்குப் போகும். ஒரு நெல் மூட்டையை இரவும் பகலும் அந்த ஒல்லியான மரத்தில் கட்டித் தொங்கவிட்டது போல. அதைத் தாங்கத்தான் நெக்குக்குள்ளே ட்ரஸ் ரொட் என்ற இரும்புக் கம்பி ஓடுகிறது. அதன் நுனியில் உள்ள நட்டை வலஞ்சுழியாக இறுக்கினால் நெக் பின்னோக்கி நிமிரும். இடஞ்சுழியாக இளக்கினால் கம்பிகளின் இழுவை நெக்கை முன்னே கொண்டுவரும். அவ்வளவுதான் அதன் வேலை. முறுக்கை எடுக்க அதனால் முடியாது. கம்பியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியாகவும் அதைப் பயன்படுத்தக் கூடாது. உயரத்துக்கு சாடில் இருக்கிறது.

நெக் பலகைபோல நேராக இருக்க வேண்டும் என்றும் நினைக்கக் கூடாது. அதிரும் கம்பிக்கு நடுவில் இடம் வேண்டும். அதனால் ஒரு மெல்லிய குழிவு தேவை. அளப்பது இப்படி: கிற்றாரைச் சுருதி சேர்த்து, வாசிக்கிற நிலையிலேயே மடியில் வைத்து, ஒரு கையால் முதல் ஃப்ரெட்டில் கம்பியை அழுத்துங்கள். நெக் உடலோடு சேரும் இடத்தில் உள்ள ஃப்ரெட்டில் மற்றக் கையால் அழுத்துங்கள். இப்போது அந்தக் கம்பியே ஒரு அடிமட்டம். 7ஆம், 8ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில் உள்ள இடைவெளியை இன்னொருவர் அளக்கட்டும். 0.30 முதல் 0.35 மில்லிமீற்றர் வரை இருந்தால் நல்லது. கிற்றாரை மேசையில் மல்லாக்கக் கிடத்தி அளந்தால் நெக்கின் பாரமே அளவை மாற்றிவிடும்.

இடைவெளி அளக்கும் கருவிக்குக் கொழும்பு போக வேண்டியதில்லை. பரந்தன் பக்கம் உழவு இயந்திரம் திருத்தும் கராஜ் ஒன்றில் வால்வ் இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ் இருந்தது. எண் பொறித்த மெல்லிய இரும்புத் தகடுகள் விசிறியாக விரியும் சாமான். ஒவ்வொரு கராஜிலும் இருக்கும். கராஜ்காரர் எங்கள் கிற்றாரைப் பார்த்துவிட்டு, “இதுக்குமா வால்வ் வைச்சிருக்கிறாங்கள்?” என்று கேட்டார். பிறகு தானே ஆர்வமாக வந்து தகடுகளைச் செருகிப் பார்த்தார். 0.35 தகடு தாராளமாகப் போனது. 0.50 போனது. இரண்டு தகடுகளைச் சேர்த்து 1.00 ஆக்கினோம், அதுவும் தடையில்லாமல் போனது. உயரத்துக்கான காரணம் அங்கே கண்முன்னால் தெரிந்தது. கேஜ் கிடைக்காதவர்கள் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்க்கலாம். அது ஏறக்குறைய 0.3 மில்லிமீற்றர் தடிப்பு.

அடுத்தது எலன் கீ. இந்த இடத்தில் நிதானம் வேண்டும். அமெரிக்க முறையில் செய்த கிற்றார்களில் நட்டின் துவாரம் அங்குலக் கணக்கு. பல ஃபெண்டர் பேஸ்களில் 3/16 அங்குலம், அதாவது 4.76 மில்லிமீற்றர். ஆசிய நாடுகளில் செய்பவற்றில் 4 அல்லது 5 மில்லிமீற்றர் அதிகம் வரும். எங்கள் ஊர்க் கராஜ்களில் இருப்பது பெரும்பாலும் மில்லிமீற்றர் செட். 3/16 துவாரத்துக்குள் 5 போகாது. 4.5 போகும், ஆனால் ஆடும். ஆடுகிற கீயை வைத்து ஒருமுறை பலமாகத் திருப்பினால் நட்டின் உள்மூலைகள் வழுக்கிப் போய்விடும். அதற்குப் பிறகு அந்த நெக்கைத் திருத்துவது பெரிய அலுவல். சரியான கீ கிடைக்கும்வரை காத்திருங்கள். அதன் விலை சில நூறு ரூபா, நெக்கின் விலை பல ஆயிரம்.

சரியான கீயைப் போட்டபோது எங்கள் நட் அசையவில்லை. இறுகி முடிந்திருந்தது. முந்தைய சொந்தக்காரர் இறுக்கக்கூடிய அளவுக்கு இறுக்கிவிட்டிருக்கிறார், மரையும் முடிந்துவிட்டது. இந்த நிலையில் பலரும் இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்துப் பார்ப்பார்கள். ரொட் உள்ளே முறிந்தால், பலகையைக் கழற்றாமல் அதை எடுக்க முடியாது. நட் எதிர்த்தால் கையை எடுங்கள்.

புதுக்குடியிருப்பில் எங்களுக்குத் தெரிந்த ஓடாவி ஐயா ஒருவர் இருக்கிறார். முதிரை, தேக்கு என்று கதவு நிலை செய்பவர். கிற்றாரை வாழ்நாளில் கையில் எடுத்திராதவர். ஆனால் நெக்கைப் பார்த்ததும் பின்பக்கத்தைத் தடவி, மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விரலால் காட்டினார். “இரும்பால மரத்தை இழுக்கப் பார்க்கிறியள். மரத்தை நாங்கள் நிமிர்த்திக் குடுப்பம், இரும்பு பிடிச்சுக்கொண்டு நிக்கட்டும்” என்றார். கிற்றார் திருத்துபவர்கள் செய்யும் முறையும் இதேதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

முதலில் கம்பிகளை இளக்கி, நட்டையும் மெதுவாக இளக்கினோம். எங்களுடையது பழைய வகை ஒற்றைப் பக்க ரொட் என்பதால் நட் முழுதாகக் கழன்று வந்தது. எல்லா நெக்கிலும் இப்படி வராது. இரண்டு பக்கமும் வேலை செய்யும் புதிய வகை ரொட்களில் நட் ரொட்டோடு ஒட்டியே இருக்கும். கழற்ற முயன்றால் உடையும். இளக்கிக்கொண்டு போகும்போது ஒரு கட்டத்தில் லூசாகி, பிறகு மறுபடி இறுகத் தொடங்கினால் அது இரட்டை வகை. அதோடு நிறுத்திவிடுங்கள்.

கழன்ற நட்டின் மரைக்குள் கறுப்பாக அழுக்கும் துருவும் கலந்திருந்தது. பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, மரைக்குத் துளி கிரீஸ் பூசி, நட்டுக்கு அடியில் ஒரு சின்ன வொஷர் போட்டோம். மரை முடிந்துபோன நட்டுக்கு அந்த வொஷரின் தடிப்பளவு புதிய இடம் கிடைக்கும். இது மிகச் சின்ன விஷயம். ஆனால் ட்ரஸ் ரொட் வேலை செய்யவில்லை என்று கைவிடப்பட்ட நெக்குகளில் ஒரு பங்கு இதிலேயே சரியாகிவிடும் என்பது என் நம்பிக்கை.

பிறகு நிமிர்த்தும் வேலை. ஐயா நெக்கை விட நீளமான, நேராகச் சீவிய முதிரைச் சட்டம் ஒன்றை எடுத்தார். அதைப் பலகைக்கு மேலே வைத்து, சட்டத்துக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில் முதல் ஃப்ரெட் பக்கம் ஒரு கட்டை, கடைசி ஃப்ரெட் பக்கம் ஒரு கட்டை. கட்டைகளுக்கு அடியில் சைக்கிள் ரியூப் வெட்டிப் போட்டார், ஃப்ரெட் நசுங்கக் கூடாது என்று. நடுவில், நெக்கின் முதுகையும் சட்டத்தையும் சேர்த்து ஒரு கிளாம்ப். அதை இறுக்க இறுக்க நெக்கின் நடுப்பகுதி மேலே சட்டத்தை நோக்கி வந்தது. கால் சுற்று இறுக்குவார், நிறுத்துவார், குனிந்து ஓரத்தைப் பார்ப்பார். எங்கள் குழுவின் தம்பிக்குப் பொறுமையில்லை. “ஐயா, இன்னும் கொஞ்சம் இறுக்கினால் என்ன?” “மரத்தை அவசரப்படுத்தக் கூடாது தம்பி, விட்டுப் பிடிக்க வேணும்.” நெக் நேராகி, நூலளவு பின்னோக்கிப் போனதும் நிறுத்தினார். அந்த நிலையில் ட்ரஸ் ரொட் நட்டை நான் இறுக்கினேன். முன்னர் அசையாத நட் இப்போது இரண்டு விரல் பலத்தில் திரும்பியது. நெக்கைத் தூக்கும் வேலையைக் கிளாம்ப் செய்துவிட்டதால், ரொட்டுக்குப் பிடித்து வைக்கும் வேலை மட்டுமே இருந்தது.

இரவு முழுக்க அப்படியே விட்டு, காலையில் கிளாம்பைக் கழற்றிக் கம்பி ஏற்றி அளந்தோம். 0.40 வந்தது. கம்பியையும் மாற்றினோம். வழக்கமான 45 முதல் 105 வரையான செட்டுக்குப் பதிலாக (இந்த எண்கள் கம்பியின் தடிப்பு, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) 40 முதல் 95 வரையான மெல்லிய செட். இழுவை குறைந்ததும் 0.35க்குள் வந்துவிட்டது. சாடில்களைத் திரும்ப உயர்த்தி, 12ஆம் ஃப்ரெட்டில் ஈ கம்பிக்கு 2.5 மில்லிமீற்றர், ஜி கம்பிக்கு 2 என்று வைத்தோம். மேலே இருந்த இரைச்சல் நின்றது. தம்பி அன்றைக்கு வாசித்த வாசிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

நெக்கைச் சூடுகாட்டி நிமிர்த்தும் முறையும் உண்டு. பலகையை ஒட்டிய பசையை வெப்பத்தால் இளக்கி, நேராக்கி, ஆறவிடுவார்கள். அனுபவமும் வெப்பத்தை அளக்கும் கருவியும் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை அது. வெயிலில் காயவைப்பதும் தலைமுடி உலர்த்தும் கருவியைப் பிடிப்பதும் அதற்கு ஈடாகாது. வேண்டாம்.

ரொட் பலவீனமான நெக்குக்கு இன்னொரு வழி, எல்லாக் கம்பிகளையும் அரைச் சுரம் இறக்கி வைப்பது. இழுவை அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு மாறுவதால், அரைச் சுரம் இறக்கினாலே ஏறக்குறைய 11 சதவீதம் குறையும். ஆனால் வாசிப்பவர் எல்லாப் பாட்டையும் ஒரு ஃப்ரெட் தள்ளி யோசிக்க வேண்டும். பாடகர் மேடையிலேயே சுருதியை மாற்றச் சொல்லும் குழுக்களில் இது பெரிய தொல்லை. எங்களுக்குச் சரிவரவில்லை.

இனி காலநிலை. எங்கள் பக்கம் மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடை என்ற வடகிழக்குக் காற்றோடு கொட்டிவிடும். பிறகு நீண்ட வறட்சி. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வரும் காலத்தில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கிவிடும், மரத்தின் ஈரமெல்லாம் போகும். மரம் ஈரத்தை எடுக்கும்போது ஒரு மாதிரியும் விடும்போது ஒரு மாதிரியும் அசையும். எந்தப் பக்கம் அசையும் என்பது நெக்குக்கு நெக் மாறுகிறது, அதனால் ஒரு பொது விதியை நம்பாமல் அளந்து பார்க்க வேண்டும். எங்கள் பேஸை வாடை தொடங்கும்போதும் சோளகம் தொடங்கும்போதும் அளந்து, தேவைப்பட்டால் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புவோம். திருப்பியதும் திரும்பச் சுருதி சேர்த்து, அடுத்தநாள் மறுபடி அளப்போம். மரம் உடனே பதில் சொல்லாது.

வறட்சியில் வரும் இன்னொரு தொல்லை, ஃப்ரெட் நுனிகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு உள்ளங்கையைக் கீறுவது. ஃப்ரெட் வளரவில்லை, பலகையின் அகலம் சுருங்கியிருக்கிறது. நெக்கின் ஓரத்தில் ஒட்டுநாடா ஒட்டிவிட்டு, மெல்லிய அரத்தால் நுனிகளை மட்டும் சாய்வாகத் தேய்த்தால் போதும். அதை வறட்சிக் காலத்திலேயே செய்துவிட வேண்டும்.

தகரக் கூரைக்குக் கீழே பகல் முழுக்கக் கிற்றாரை வைக்காதீர்கள். வான் வண்டியின் பின்பக்கத்தில் பூட்டிவிட்டுக் கோயிலடியில் சாப்பிடப் போகாதீர்கள். சுவரில் நெக்கைச் சாய்த்து வைக்காதீர்கள். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் பெட்டிக்குள் வைத்து, வீட்டின் உள்அறையில் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். உடனே தெரியாவிட்டாலும் ஒரு வருடத்தில் நெக்கில் தெரிந்துவிடும்.

நெக் பழுதாகத் தோன்றி உண்மையில் பழுதில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜி கம்பியில் 5ஆம் ஃப்ரெட்டிலிருந்து 7ஆம் ஃப்ரெட் வரை எங்காவது ஒரு சுரம் மற்றவற்றைப் போல நீளாமல் சட்டென்று செத்துப்போகும். ஃபெண்டர் பாணிப் பேஸ்களில் இது பரவலாக உண்டு. அந்தச் சுரத்தின் அதிர்வை நெக்கே உறிஞ்சிக்கொள்கிறது. தலைப்பக்கத்தில் ஒரு சின்னக் கிளாம்பை மாட்டிப் பாருங்கள், செத்த இடம் நகரும். நகர்ந்தால் காரணம் அதுதான். இதற்காக ட்ரஸ் ரொட்டைத் திருகினால் நல்ல நெக்கையும் கெடுத்துக்கொள்வீர்கள். அந்தச் சுரத்தை டி கம்பியில் வாசித்துவிட்டுப் போகலாம்.

இப்போது முறுகிய நெக். விசுவமடுவில் ஒரு பிள்ளை தன் பேஸைக் கொண்டுவந்தான். “அண்ணை, ஒரு கம்பியைச் சரிப்படுத்தினா மற்றது பிழைக்குது” என்றான். அவன் சொன்னதே போதுமான அடையாளம். ஓரத்தைப் பார்த்தேன். ஜி பக்கம் ஏறக்குறைய நேர். ஈ பக்கம் நன்றாகக் குழிந்திருந்தது. ஃபீலர் கேஜில் ஜிக்கு 0.25, ஈக்கு 0.80. இந்த நெக்கின் ரொட்டை ஈ கம்பிக்காக இறுக்கினால் ஜி பக்கம் பின்னோக்கி வளைந்து முதல் ஃப்ரெட்களில் இரையும். ஜிக்காக இளக்கினால் ஈ கம்பி மலையேறிவிடும். ஒற்றை ரொட்டால் இரண்டு ஓரங்களை வெவ்வேறாகத் திருத்த வழியில்லை. முறுக்கு சின்னதாக இருந்தால் ஃப்ரெட்களைத் தேய்த்து மட்டப்படுத்தலாம். பெரிதாக இருந்தால் ஃப்ரெட்களைக் கழற்றி, பலகையைச் சீவி, புதிய ஃப்ரெட் அடிக்க வேண்டும். மலிவான கிற்றாருக்கு அந்தச் செலவு தகாது. நெக்கை மாற்றுவதே நல்லது என்று அவனிடம் நேராகச் சொன்னேன். முகம் வாடிவிட்டது, ஆனால் நம்பிக்கை கொடுத்து இன்னும் ஆறு மாதம் அலையவிட எனக்கு மனமில்லை.

நான்கு ஸ்குரூவில் பூட்டிய நெக் என்பதால் மாற்றுவது முடியாத காரியமல்ல. இணையத்தில் தனி நெக் கிடைக்கிறது. 2022 நெருக்கடிக்குப் பிறகு ரூபாவின் நிலையில் விலை குத்தும்தான், ஆனாலும் புதுப் பேஸை விடக் குறைவு. வாங்கும் முன் அளக்க வேண்டியவை: பழைய நெக்கின் அடிப்பகுதி அகலம், அது உடலில் உட்காரும் பள்ளத்தின் அகலமும் ஆழமும், கம்பி நீளம். ஃபெண்டர் பாணியில் அடி அகலம் ஏறக்குறைய 63.5 மில்லிமீற்றர், மலிவுப் பிரதிகளில் சில மில்லிமீற்றர் வித்தியாசம் வரும். 34 அங்குல நெக்கில் அந்த வெள்ளைத் துண்டிலிருந்து 12ஆம் ஃப்ரெட் சரியாக 17 அங்குலம், 431.8 மில்லிமீற்றர். 12ஆம் ஃப்ரெட்டிலிருந்து சாடில் வரையும் அதே அளவும் சற்றுக் கூடவும் வர வேண்டும். வராவிட்டால் எவ்வளவு திருகினாலும் மேல் ஃப்ரெட்களில் சுருதி நிற்காது. 30 அங்குலக் குட்டைப் பேஸுக்கு 34 அங்குல நெக்கைப் பூட்ட முடியாது என்பதையும் சொல்லி வைக்கிறேன், அப்படி வாங்கி வைத்திருப்பவரைப் பார்த்திருக்கிறேன்.

புதிய நெக்கில் ஏற்கெனவே துளை இருந்தால் அது உங்கள் உடலின் துளையோடு பொருந்தும் என்று நம்ப வேண்டாம். விசுவமடுப் பிள்ளையின் நெக்கில் இரண்டு துளைகள் விலகியிருந்தன. ஓடாவி ஐயா முதிரையில் சின்னக் குச்சிகள் சீவி, பசை தடவி, துளைகளை அடைத்தார். பசை காய்ந்ததும் மட்டமாகச் சீவினார். புதிய துளை போடுவதற்கு முன் நாங்கள் நெக்கைப் பள்ளத்தில் வைத்து, ஈ கம்பியும் ஜி கம்பியும் போகும் வழியில் கறுப்பு நூலை இழுத்துக் கட்டிப் பார்த்தோம். நூலுக்கும் பலகை ஓரத்துக்கும் இடையில் இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி வரும்வரை நெக்கை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, பிறகுதான் அடையாளம் வைத்தோம். துளை போட்ட பிறகு இதைத் திருத்த முடியாது. எவ்வளவு நேரம் போனாலும் இந்த வேலையில் நேரம் பார்க்கக் கூடாது.

4 மில்லிமீற்றர் ஸ்குரூவுக்கு மேப்பிளில் 3 மில்லிமீற்றர் துளை சரியாக இருந்தது. ஸ்குரூ மரைக்குச் சவர்க்காரம் தடவினால் கடினமான மரத்துக்குள் முறியாமல் போகும். முக்கியமான இன்னொன்று: உடலில் உள்ள துளைகளுக்குள் ஸ்குரூ தாராளமாக வழுக்கிப் போக வேண்டும். அங்கேயும் மரை பிடித்தால், எவ்வளவு இறுக்கினாலும் நெக்குக்கும் உடலுக்கும் இடையில் ஒரு இடைவெளி நிற்கும், கிற்றாரின் ஒலி மெலிந்துபோகும், சுருதியும் அலையும். உடலின் துளைகளை அரை மில்லிமீற்றர் பெரிதாக்கினால் போதும். நெக்கின் சாய்வைத் திருத்தப் பள்ளத்துக்குள் அட்டைத் துண்டு செருகும் பழக்கமும் உண்டு. செருகத்தான் வேண்டுமென்றால் பள்ளம் முழுவதையும் நிரப்பும் மெல்லிய மரத் தகட்டைச் சாய்வாகச் சீவிப் போடுவதே என் விருப்பம். ஓரத்தில் மட்டும் அட்டை வைத்தால் அடியில் வெற்றிடம் நின்று, காலப்போக்கில் நெக்கின் கடைசிப் பகுதி மேலெழும்புவதைக் கண்டிருக்கிறேன்.

வெளிநாட்டில் இருந்து பேஸ் அனுப்பப்போகும் உறவினர் உங்களுக்கு இருந்தால், அவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். முதலாவது, வாங்கும் முன் பிரிட்ஜ் பக்கமிருந்து நெக்கின் இரு ஓரங்களும் தெரிய ஒரு படம், முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்து 8ஆம் ஃப்ரெட் அருகே கிட்டவாக ஒரு படம். ஈ கம்பிக்கும் ஜி கம்பிக்கும் தனித்தனியாக. முறுக்கு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், கப்பல் கூலி மிச்சம். இரண்டாவது, பொதி செய்யும்போது கம்பிகளை ஒரு சுரம் அளவுக்கு மட்டும் இறக்கச் சொல்லுங்கள். முழுதாகக் கழற்றிவிட்டு ரொட்டை இறுகிய நிலையில் விட்டால் நெக் பின்னோக்கி வளைந்து வந்து சேரும். நான்கு ஸ்குரூவையும் கழற்றி நெக்கைத் தனியே அனுப்புவதானால் ரொட் நட்டையும் இளக்கிவிடட்டும், தலைப்பக்கத்துக்கு அடியில் மெத்தென்ற துணி வைத்துச் சுற்றட்டும், ஸ்குரூக்களை ஒரு பைக்குள் போட்டு உடலோடு ஒட்டிவிடட்டும். அந்த நெக்குக்குப் பொருந்தும் எலன் கீயையும் அதே பைக்குள் போடச் சொல்லுங்கள்.